ஒரு கொசு, இரண்டு சீட்டு

போன மாதம் நிர்மலா வந்திருந்தாள். நான் முப்பத்தோரு வருஷம் உழைத்த கொசு ஆபீஸில் இப்போது அவள்தான் பூச்சி அதிகாரி. செம்பூரில் எங்களுக்கு அடுத்த பில்டிங். பழைய பெட்டிகளைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்களாம். உள்ளே ஊசியில் குத்தி வைத்திருக்கும் ஒவ்வொரு கொசுவையும் புது ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டுமாம். ஒரு சின்ன டப்பாவைத் திறந்து என் முன்னால் நீட்டினாள்.

"மாமா, எல்லாக் கொசுவுக்கும் ஊசியில ஒரு சீட்டுதான். இதுக்கு மட்டும் ரெண்டு. மேல் சீட்டுல தாராவி கிணறுன்னு இருக்கு. கீழ் சீட்டுல ஆபீஸ் தொட்டின்னு இருக்கு. ரெண்டும் உங்க கையெழுத்து. ஒரு கொசு ரெண்டு எடத்துல எப்படிப் பொறக்கும்? ஏதாவது ஒண்ணைக் கிழிச்சுப் போட்டுடட்டுமா?"

எனக்கு வந்ததே கோபம்! "கிழிச்சே, கையை ஒடிச்சுடுவேன்" என்றேன். பாவம், அந்தப் பெண் பயந்தே போனாள். அப்புறம் காபி கொடுத்துச் சமாதானப்படுத்தி, கதையை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எழுதி வையுங்கோ மாமா, ரிஜிஸ்டர்ல இவ்வளவு எடம் இல்லை" என்றாள். அவள் சொன்னதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து இண்டர்மீடியட் முடித்துவிட்டு மாட்டுங்காவில் அத்திம்பேர் வீட்டுக் கூடத்தில் வந்து பாய் விரித்தவன். டைப்ரைட்டிங் லோயர் பாஸ். கிளார்க் வேலை என்று நினைத்துத்தான் மனுப் போட்டேன். சேர்ந்த ஒரு வருஷத்தில், கை நடுங்கவில்லை, கண் நன்றாக இருக்கிறது என்று மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். ஊரில் யார் கேட்டாலும் அம்மா, "விச்சு ஹெல்த் ஆபீஸ்ல இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். பிள்ளை நாள் முழுக்கக் கொசுவின் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று சொன்னால் எவன் பெண் கொடுப்பான்?

ஆனால் வேலை அதுதான். பம்பாய்க் கொசுவில் பல ஜாதி உண்டு. அதில் மலேரியாவைப் பரப்புகிறது ஸ்டீபன்ஸி என்று ஒன்று. அதற்கு ரொம்ப ஆசாரம். கிணறு, தொட்டி, மொட்டைமாடி டாங்க் என்று நல்ல தண்ணீராகப் பார்த்து முட்டையிடும். அதே குடும்பத்தில் சப்பிக்டஸ் என்று இன்னொன்று. அது குட்டையோ, கலங்கல் கிணறோ, உப்புத் தண்ணீரோ, கிடைத்த இடத்தில் பிழைத்துக்கொள்ளும். பம்பாயில் அதனால் யாருக்கும் பெரிய கெடுதல் கிடையாது. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். லென்ஸில் பார்த்தால் ஸ்டீபன்ஸியின் கால் நெடுகக் கோலமாவு சிந்தின மாதிரி வெள்ளைப் புள்ளி தெறித்திருக்கும். சப்பிக்டஸுக்கு அந்தப் புள்ளி கிடையாது. நான் பார்த்துச் சொல்கிற பேரை வைத்துத்தான் ஒரு கிணறு இருக்கலாமா, மூட வேண்டுமா என்று உத்தரவு போகும்.

எங்கள் தலைவர் டாக்டர் பெஸ்தன்ஜி. பார்ஸிக்காரர். ஒல்லி மனிதர், லென்ஸை ஒரு ஷூ லேஸில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். அவரிடம் போய், "ஸார், இது ஸ்டீபன்ஸி" என்று ஆரம்பித்தால் தீர்ந்தது. "டிக்ரா, பேரை நான் கேட்டேனா? என்ன தெரிகிறது, அதைச் சொல்" என்பார். டிக்ரா என்றால் அவர்கள் பாஷையில் மகனே என்று அர்த்தம். காலில் புள்ளி உண்டா, இறக்கை விளிம்பில் கறுப்புத் திட்டு எத்தனை, முகத்துக் கொம்பின் நுனியில் வெள்ளைப் பட்டை எவ்வளவு அகலம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்து, பேர் கடைசியில்தான் வர வேண்டும். பேர் முதலில் வந்துவிட்டால் அதற்கப்புறம் கண் வேலை செய்யாது என்பது அவர் கட்சி.

அவரிடம் இன்னொரு பிடிவாதமும் உண்டு. புழுவை எந்தத் தண்ணீரில் பிடித்தோமோ அதே தண்ணீரில்தான் வளர்க்க வேண்டும். வெள்ளை எனாமல் தட்டில் அந்தத் தண்ணீரோடு ஊற்றி, கூட்டுப்புழு ஆனதும் மஸ்லின் துணி கட்டின ஜாடிக்கு மாற்றி, கொசு வெளியே வந்ததும் ஒரு நாள் ஊறவைத்த திராட்சை கொடுத்து இறக்கை கெட்டிப்பட விட வேண்டும். அப்புறம்தான் குளோரோபாரம். சாகப்போகிற கொசுவுக்குத் திராட்சை! யுத்த காலம், எங்களுக்கே சர்க்கரை ரேஷனில். கொசுவின் பங்கில் ஒன்றிரண்டை நானும் வாயில் போட்டுக்கொண்டதுண்டு. இப்போது சொன்னால் யார் பென்ஷனைப் பிடிக்கப்போகிறார்கள்?

சீட்டு விஷயத்தில் அவர் இன்னும் மோசம். பிடித்த இடம், பிடித்தவர், பேர் பார்த்தவர், மூன்றும் இல்லாத கொசு அவருக்குக் குப்பை. தப்பாக எழுதின சீட்டைக் கிழிக்கவே கூடாது. அது ஊசியிலேயே இருக்கட்டும், சரியானதை எழுதி அதன் கீழே குத்து என்பார். அவரே ஒரு தடவை தப்பாகப் பேர் வைத்து, கீழே "என் தவறு" என்று எழுதிக் குத்தின கொசு ஒன்று முதல் பெட்டியில் முதல் வரிசையில் இருந்தது. மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்த முதல் நாள் எனக்கு அதைத்தான் காட்டினார். நமக்கெல்லாம் இது நேராது என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கிணறு கிணறாகப் போய்ப் புழு பிடித்து வருகிறவன் சுடலைமுத்து. திருநெல்வேலிக்காரன், தாராவியில் குடும்பம். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவன். ஆனாலும் அந்தக் காலத்துத் திமிர், நான் அவனை நீ என்பேன், அவன் என்னைச் சாமி என்பான். தோல் கிடங்கில் தோல் எண்ணிக்கொண்டிருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன். கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருப்பான். வெயிலை அதில் வாங்கிக் கிணற்றுக்குள் அடித்தால், சுவரோரம் மிதக்கிற புழு பளிச்சென்று தெரியும். கயிற்றில் வாளியை இறக்கி அலுங்காமல் மொண்டுவிடுவான். எழுதத் தெரியாது. அதனால் பாட்டிலின் கழுத்தில் ஒரு நூலைக் கட்டி, எத்தனை புழுவோ அத்தனை முடிச்சுப் போட்டுக் கொண்டுவருவான். எந்தக் கிணறு என்று வாயால் சொல்வான். நான் சீட்டில் எழுதிக்கொள்வேன்.

அந்த வருஷம் மழை விட்டதும் எங்கள் ஆபீஸைச் சுற்றி நாலு தெருவில் குளிர்ஜுரம். மாட்டுங்காக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வீட்டுக்கு ஒரு மனு, அதுவும் நல்ல இங்கிலீஷில். எல்லார் கையும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தாராவியைத்தான் காட்டியது. "அந்த நாத்தத்துல இருந்து வராம ஜுரம் வேற எங்கேர்ந்துடா வரும்?" என்று அத்திம்பேர் கேட்டார். கொசுவைப் படித்த நானும் தலையாட்டினேன்.

தாராவிக் கிணறுகள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லி டாக்டர் உத்தரவு போட்டார். சுடலைமுத்து ஒன்று விடாமல் பார்த்தான். ஒரே ஒரு கிணற்றில்தான் புழு இருந்தது. அது அவன் வீட்டுக்கு எதிரே, அவன் குடும்பமே தினம் குடிக்கிற கிணறு. வேறு ஒருவனாயிருந்தால் அங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். இவன் பதினோரு முடிச்சோடு பாட்டிலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான்.

"எங்க கெணறுதான் சாமி. நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றான்.

மூடியைத் திறந்தேன். தோல் ஊறின வாடை குப்பென்று அடித்தது. ஒரு வாரம் அந்தத் தட்டு என் மூக்குக்குக் கீழே இருந்தாக வேண்டும். டாக்டரோ பூனாவுக்குப் போயிருந்தார். சுடலைமுத்து போகிற வரை காத்திருந்தேன். அப்புறம் துணியில் வடிகட்டி, புழுவை மட்டும் தட்டில் போட்டுக்கொண்டு, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினேன். பின்பக்கம் எங்கள் ஆபீஸின் சிமெண்டுத் தொட்டி இருந்தது. குடிக்க, கழுவ எல்லாவற்றுக்கும் அதுதான். அதிலிருந்து பளிங்கு போல ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு தட்டில் ஊற்றினேன். வளர்ந்த வளர்ப்பு அப்படி. சுத்தம் பண்ணிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

எட்டு நாளில் எல்லாக் கொசுவும் வெளியே வந்தன. பதினொன்று சப்பிக்டஸ். மூன்று ஸ்டீபன்ஸி.

ஆக, கொசு பதினான்கு, முடிச்சு பதினொன்று. புழு சாகும், எண்ணிக்கை குறையலாம், கூட வழியில்லை. ஒரு நிமிஷம் என் பேனா நின்றது. அப்புறம், எழுதத் தெரியாதவனுக்கு எண்ணத்தான் தெரியுமா என்று நினைத்து, "சேகரித்தவர் எண்ணிக்கையில் பிழை" என்று ரிஜிஸ்டரில் எழுதிவிட்டேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

டாக்டர் திரும்பி வந்ததும் அந்த மூன்றை மட்டும் கொண்டுபோய்க் காட்டினேன். புள்ளி, திட்டு, பட்டை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, பேரைக் கடைசியில் சொன்னேன். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு "ஷாபாஷ்" என்றார். அவர் கண்ணில் தப்பில்லை, அவை ஸ்டீபன்ஸிதான். "தாராவி கிணறு" என்று சீட்டு எழுதிக் குத்தினேன்.

பத்து நாளில் கிணற்றைக் கான்கிரீட் போட்டு மூட உத்தரவாயிற்று. மற்ற காலமென்றால் மூடியோடு ஒரு கைப்பம்பும் வைத்துக் கொடுப்பார்கள். யுத்தத்தில் இரும்புக்கு எங்கே போவது? மூடினால் மூடினதுதான். அந்தக் கிணற்றை நம்பி ஒரு சந்து முழுக்கக் குடும்பங்கள் இருந்தன. அதை விட்டால் அவர்களுக்கு ரயில் பாதையோரம் ஒரே ஒரு குழாய், அதிலும் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும்.

மூடுவதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. காலை பதினோரு மணிக்கு ஒரு பெண்பிள்ளை விறுவிறுவென்று ஆபீஸுக்குள் நுழைந்தாள்.

"இங்க கொசு பாக்குத அய்யரு யாரு?"

"நான்தான். நீ யாரு?"

"சொடலமுத்து பொஞ்சாதி, பேச்சி. அவருக்கு வாய் கெடையாது. அதான் நான் வந்தேன்."

மூலையில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த சுடலைமுத்து தலையைத் தூக்காமல், "ஏளா, வீட்டுக்குப் போ" என்றான்.

"நீரு சும்மா இரும்!" என்று அவனை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஒரு வாரமா ஒரு பய இவருகூட மொகங்குடுத்துப் பேசல. சொந்தக் கெணத்தையே காட்டிக் குடுத்தவன்னு ஏசுதாவ. கெணத்த மூடிட்டா பச்சப் புள்ளைகளுக்கு நான் எதக் குடுப்பேன்? அது கெடக்கட்டும். பொஸ்தகத்துல இவரு தப்பா எண்ணிட்டாருன்னு எழுதி வச்சிருக்கியளாமே?"

எங்கள் ப்யூன் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டான். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"ஆயிரம் தோலு எண்ணுவாரு சாமி. ஒண்ணு கூடாது, ஒண்ணு கொறையாது. மொதலாளி மறுக்க எண்ண மாட்டாரு. இவரு பதினோரு முடிச்சு போட்டாருன்னா பதினோரு புழுதான். அதுக்கு மேல ஒண்ணு இருந்துச்சுன்னா அது உங்க வீட்டுப் புழுவாத்தான் இருக்கும்!"

அவள் ஆத்திரத்தில் ஒரு பேச்சுக்குச் சொன்னாள். எனக்கோ தட்டு, துணி, சொம்பு எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. எழுந்து சுடலைமுத்துவின் கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். தொட்டி மூடியில் ஒரு மூலை உடைந்து மாதக்கணக்கில் கிடந்தது; யுத்தம், சிமெண்டு இல்லை என்று விட்டுவிட்டார்கள். அந்த ஓட்டை வழியாக வெயிலை உள்ளே அடித்தேன். ஓரம் நெடுகப் புழு, கண்ணில் படாத பொடியிலிருந்து பெரிசு வரை. எண்ணி முடிச்சுப் போட ஒரு நூல்கண்டு வேண்டும். ஊரான் வீட்டுத் தொட்டிக்கெல்லாம் நோட்டீஸ் ஒட்டுகிற ஆபீஸின் லட்சணம் இது! நிமிர்ந்து பார்த்தால், ஜுரம் வந்த நாலு தெருவுக்கும் நட்டநடுவில் நிற்கிறேன்.

சுடலைமுத்துவும் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தான். என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கித் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உள்ளதைச் சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டே மாதம் இருந்தது. தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவன் கண்ணாடியைத் துடைத்த விதத்தைப் பார்த்தபின் எனக்கு அங்கே நிற்கவே கூசியது. நேரே டாக்டர் அறைக்குப் போனேன்.

"ஸார், அந்தக் கொசுவுக்குப் பேர் சரி. ஊர் தப்பு" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன செய்தாய், அதைச் சொல். ஏன் என்பது கடைசியில்" என்றார்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில் ஏன் என்று வந்தபோது, "நாறிற்று ஸார்" என்பதைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் லென்ஸைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எங்கள் பார்ஸிகளுக்குக் கிணறு தெய்வம் மாதிரி, வீட்டுக் கிணற்றில் என் அம்மா தினம் விளக்கு ஏற்றுவாள். அதில் ஸ்டீபன்ஸி இருந்தது. நானே கையெழுத்துப் போட்டு மூடினேன். ஆறு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் அது சரியான கையெழுத்து, அதனால் எனக்குத் தூக்கம் வந்தது. தாராவிக்குப் போட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவேன், சொல்" என்றார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது, அழுதுவிட்டேன்.

உத்தரவை அன்றைக்கே நிறுத்தி வைத்தார். ஆனால் ரத்து செய்யவில்லை. தொட்டியில் புழு இருப்பதால் கிணற்றில் இல்லை என்று ஆகிவிடாது, மூன்று தடவை புதிதாகப் பிடித்து வா, நீயும் கூடப் போ என்றார்.

அதுவரை நான் ரயில் பாதையைத் தாண்டினதில்லை. ஆபீஸிலிருந்து கால் மணி நடை! கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தோடு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். சுடலைமுத்து மொண்டு கொடுத்தான். நான் பாட்டிலில் ஊற்றி நூலில் முடிச்சுப் போட்டேன். என் முடிச்சு நழுவி அவிழ்ந்தது. "இப்படிப் போடுங்க சாமி" என்று இரண்டு விரலால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். அத்தனை நாளில் என்னோடு அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மூன்று தட்டையும் அந்தத் தண்ணீரோடேயே என் மேஜையில் வைத்துக்கொண்டேன். இரண்டாம் நாளே மூக்குக்குப் பழகிவிட்டது. ஸ்டீபன்ஸி ஒன்றாவது வந்து தொலைத்துவிடுமோ என்று தினம் காலையில் முதல் வேலையாக ஜாடியைத்தான் பார்ப்பேன். ஒன்று வந்தாலும் கிணறு போய்விடும். கடைசிக் கொசுவின் காலையும் டாக்டரும் நானும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். புள்ளி இல்லை. அத்தனையும் சப்பிக்டஸ். எண்ணிப் பார்த்தேன், முடிச்சுக்கும் கொசுவுக்கும், செத்த இரண்டு புழுவையும் சேர்த்து, கச்சிதமாக இருந்தது. டாக்டர் உத்தரவைக் குறுக்கே அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் தொட்டியைத்தான் மூடினார்கள். மாட்டுங்காவில் ஜுரமும் மெள்ள மெள்ள நின்றது. என் வேலை நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. அப்படி ரிப்போர்ட் எழுதினது டாக்டர்தான், நியாயமாகத்தான் எழுதினார். அந்த மூன்று கொசுவுக்கும் இரண்டாவது சீட்டு எழுதச் சொன்னார். இடம், ஆபீஸ் தொட்டி. பிடித்தவர், விஸ்வநாதன். நிர்மலா கொண்டுவந்தது அதில் மிஞ்சின ஒன்று. ரிஜிஸ்டரில், அவர் சொல்லாமலேயே, என் பழைய வரிக்குக் கீழே "பிழை என்னுடையது. சுடலைமுத்து எண்ணியது சரி" என்று எழுதினேன். அன்றையிலிருந்து அவரை நான் நீ என்று கூப்பிட்டதில்லை.

தொட்டி போனதும் ஆபீஸில் குடிக்கத் தண்ணீர் இல்லை. மறுநாள் காலையில் பேச்சியம்மா இடுப்பில் ஒரு குடத்தோடு வந்தார். நேரே என் மேஜைக்கு வந்து, மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் குடத்தை இறக்கினார்.

"தொட்டிய மூடிட்டாவளாமே. எங்க கெணத்துத் தண்ணி" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "குடிச்சாலும் சரி, குடிக்காட்டியும் சரி சாமி. கீழ மட்டும் ஊத்திராதிய."

சுடலைமுத்து தம்ளரைக் கழுவி எடுத்து வந்தார். தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது. இரண்டு தம்ளர் குடித்தேன்.